காற்றின் கணக்கில் எழுதப்பட்ட வேலை

செம்பனைக்குக் காற்றுதான் மகரந்தம் சேர்க்கிறது என்று மலாயாவில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நம்பினார்கள். 1917இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபொக்கோனியே சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை நட்டார். 1977இல் கேமரூனில் ஒரு பூச்சியியலாளர் முறையான சோதனையைத் தொடங்கினார். இடைப்பட்ட காலமெல்லாம் தோட்ட நிர்வாகிகளும் அவர்களுக்கு ஆலோசனை சொன்னவர்களும் பெரும்பாலும் காற்றையே நம்பியிருந்தார்கள். அது தவறு. காற்றின் கணக்கில் எழுதப்பட்ட அந்த வேலையில் பெரும்பகுதி, மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கூன்வண்டின் வேலை. அந்த வண்டு இல்லாத நாடுகளில் அதே வேலையை மனிதர்கள் கூலிக்குச் செய்தார்கள். தவறு திருத்தப்பட்ட இடம் ஜொகூர் மாநிலத்தின் குளுவாங். அங்கிருந்து மேற்கே ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் வந்தால் ஆயர் ஈத்தாம். பத்து பகாட்டிலிருந்து மெர்சிங் செல்லும் சாலையும், ஜொகூர் பாருவிலிருந்து வடக்கே செல்லும் பழைய நெடுஞ்சாலையும் வெட்டிக்கொள்ளும் சந்திப்பு அது. வடக்கு-தெற்கு விரைவுச்சாலை வருவதற்கு முன் பேருந்துகள் நின்று இளைப்பாறிச் சென்ற ஊர்; மட்பாண்டக் கடைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். சுற்றுவட்டாரம் ரப்பராக இருந்து செம்பனையாக மாறியது. இந்த வட்டாரத்தின் செம்பனை வரலாறு ஒரு விஷயத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. சிற்றுயிர் ஒன்றை இனங்காண்பதில் இரண்டு பாதிகள் உண்டு. ஒன்று, அதற்குப் பெயரிட்டு விவரிப்பது. மற்றொன்று, அது என்ன செய்கிறது என்று பார்ப்பது. ஒரு பாதியை வைத்துக்கொண்டு இன்னொன்று இல்லாமல் காலம் தள்ள முடியாது. செம்பனை விஷயத்தில் இரண்டும் ஒன்றுசேரத் தாமதமானதற்கு விலை கொடுத்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். அதே வட்டாரத்தில் வாழும் சின்னஞ்சிறு தனித்தேனீக்கள் விஷயத்தில் இரண்டு பாதிகளுமே பெரும்பாலும் இன்னும் தொடங்கப்படாமல் கிடக்கின்றன.

காற்றை நம்பியவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. செம்பனையில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் ஒரே மரத்தில்தான் வருகின்றன, ஆனால் முறைவைத்து வருகின்றன: சில மாதம் ஆண் கொத்துகள், சில மாதம் பெண் கொத்துகள். ஆகவே ஒரு மரத்தின் பெண் பூவுக்கு வேறொரு மரத்தின் மகரந்தம் வந்து சேர வேண்டும். ஆண் கொத்து மலரும்போது அதைத் தட்டினால் மஞ்சள் தூள் புகைபோல எழும். பூக்களில் கண்ணைக் கவரும் இதழ் கிடையாது. இவ்வளவு தூளை இறைக்கும் மரம், வண்ணம் காட்டாத மரம், காற்றை நம்பித்தான் வாழ்கிறது என்று நினைப்பது இயல்பு. அன்றைய தாவரவியல் அறிவும் அதற்குத் துணை நின்றது. மலாயாத் தோட்டங்களில் மகரந்தச் சேர்க்கையைக் கவனித்து 1967இல் கட்டுரை எழுதிய ஹார்டனும் டர்னரும்கூடக் காற்றின் பக்கமே நின்றார்கள். ஆனால் இந்த முடிவில் எல்லோரும் விட்டுவிட்ட ஒரு கேள்வி இருந்தது. செம்பனை இந்த மண்ணுக்கு உரியதல்ல, மேற்கு ஆப்பிரிக்காவுடையது. 1848இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்துக்கு வந்த நான்கு கன்றுகளின் வழித்தோன்றல்களே தென்கிழக்கு ஆசியத் தோட்டங்களை முதலில் நிரப்பின. கன்று கடல் தாண்டி வந்தது. கன்றோடு ஊரில் கூடவே வாழ்ந்தவை என்னென்ன, அவற்றில் எது வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. இப்படிக் கேட்பதற்கு முன்னுதாரணம் இல்லாமலும் இல்லை. கலிஃபோர்னியாவில் நட்ட ஸ்மிர்னா அத்தி மரங்கள் காய் பிடிக்காமல் உதிர்த்துக்கொண்டே இருந்தபோது, அவற்றின் தாயகத்துக் குளவியைக் கொண்டுவந்து 1899இல் ஃபிரெஸ்னோவில் நிலைபெறச் செய்தார்கள், காய் உதிராமல் நின்றது. வனிலாவுக்கு அதுகூட அமையவில்லை. ரீயூனியன் தீவில் அடிமையாக இருந்த பன்னிரண்டு வயது எட்மண்ட் அல்பியஸ் 1841இல் கண்டுபிடித்த வழியில் இன்றும் மனிதக் கையே பூவைத் தொடுகிறது. செம்பனைக்கு இந்தப் பாடங்கள் எட்டவில்லை. விடை தெரிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்ததால் கேள்வியே எழவில்லை.

அந்த விடை வயலில் பலிக்காதபோது செய்த ஏற்பாடுதான் கைவழி மகரந்தச் சேர்க்கை. இளம் தோட்டங்களில், முக்கியமாக முதல் சில ஆண்டுகளில், காய் சரியாகப் பிடிக்காது. பாதி வெறுமையான குலை எடை நிற்காது. மோசமாகப் போனால் முழுக் கொத்தும் மரத்திலேயே அழுகிவிடும். ஆகவே ஆண் கொத்தைப் பை கட்டி முற்ற விட்டு, வெட்டி எடுத்து, மகரந்தத்தை உலுக்கிச் சலித்து உலர்த்தி, டால்க் தூளோடு கலந்தார்கள். அந்தக் கலவையை அழுத்தினால் தூள் கக்கும் குப்பியில் அடைத்துக்கொண்டு, தொழிலாளர்கள் வரிசை வரிசையாக மரம் பார்த்துப் போனார்கள். மட்டைகளுக்கு இடையில், முள்ளும் பாளையும் மூடிய இடுக்கில், பெண் கொத்து ஒளிந்திருக்கும். சூல்முடிகள் வெளிர் மஞ்சளாக, ஈரம் மின்ன விரிந்திருந்தால் ஏற்கும் பருவம். ஊதாச் சிவப்பாகிவிட்டால் பருவம் தப்பிப் போயிற்று. ஏற்கும் பருவம் இரண்டு மூன்று நாள்தான். அதனால் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை அதே வரிசையைச் சுற்றி வர வேண்டும், மழையானாலும் வெயிலானாலும். எந்தக் கொத்து தயார், எது நாளை மறுநாள் தயாராகும் என்று பார்வையிலேயே கணிக்கும் திறமை இதற்கு வேண்டும். தீபகற்ப மலேசியத் தோட்டங்களில் கூலி வேலையின் கணிசமான பகுதியைத் தமிழர்கள் சுமந்த காலம் அது. தோட்டப்புற வாழ்வைப் பற்றிய எழுத்தில் பால்மரமும் லயமும் கங்காணியும் நிறைய வருகிறார்கள். செம்பனைப் பூவுக்கு மகரந்தம் ஊதிய கைகள் அவ்வளவாக வருவதில்லை. ஒரு பூச்சிக்குப் பதிலாக மனிதர்களை நிறுத்திய இந்த வேலை, நம் தொழில் வரலாற்றில் தனியாகச் சொல்லப்பட வேண்டிய ஒன்று என்றே நினைக்கிறேன்.

காற்று என்ற விடையைச் சந்தேகிக்க வைத்தவை போர்னியோவிலுள்ள சபாவின் தோட்டங்கள். அங்கே காற்றுக்குக் குறைவில்லை, மகரந்தத்துக்கும் குறைவில்லை. ஆனாலும் காய் பிடிப்பு தீபகற்பத்தைவிட மோசமாக இருந்தது, கைவழி வேலை நீண்டுகொண்டே போனது. யூனிலீவரின் தோட்டப் பிரிவில் பணியாற்றிய ஸ்காட்லாந்துக்காரர் லெஸ்லி டேவிட்சன் இரு உலகங்களையும் பார்த்தவர். 1951இல் குளுவாங்கில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு கேமரூனுக்குப் போய், 1960இல் சபாவில் தோட்டம் அமைக்கச் சென்றார். கேமரூனில் யாரும் குப்பியைத் தூக்கிக்கொண்டு அலையவில்லை, குலைகளோ நிறைந்திருந்தன. ஆண் பூங்கொத்துகளில் சிறு வண்டுகள் மொய்த்துக்கொண்டிருந்தன. இந்த வித்தியாசத்தை அவர் மறக்கவில்லை. எழுபதுகளில் முடிவெடுக்கும் பதவிக்கு வந்ததும் காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிலையத்திடம் ஆய்வை ஒப்படைத்தார். அதைச் செய்தவர் பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் ரஹ்மான் அன்வார் சையத். அவருடைய சோதனை எளிமையானது. பெண் கொத்துக்குப் பூச்சி எட்டாதபடி தடுத்தால் காய் என்னாகிறது? காற்றே போதுமென்றால் பெரிய வித்தியாசம் வரக்கூடாது. காய் பிடிப்பு விழுந்தது. 1979இல் வெளிவந்த அவருடைய கட்டுரைக்குப் பிறகு, காற்றே முக்கியம் என்று வாதிட இடமில்லாமல் போயிற்று. அவர் இன்னொன்றையும் சொன்னார்: தீபகற்ப மலேசியாவிலும் காற்று தனியாக வேலை செய்யவில்லை. உள்ளூர் இலைப்பேன் ஒன்று, நீளம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியது, செம்பனைப் பூவுக்குள் புகுந்து திரிந்து ஓரளவு மகரந்தம் சேர்த்துவந்தது. சபாவில் அதன் துணை போதிய அளவுக்கு இல்லை. இலைப்பேன் என்றால் பயிரைக் கெடுப்பது, அதற்கு மருந்தடிக்க வேண்டும் என்பதுதான் விவசாயம் தெரிந்த எவருக்கும் தோன்றும் முதல் எண்ணம். ஒவ்வொரு பூங்கொத்திலும் இருந்த அந்த உயிர், அது செய்த வேலை காற்றின் பெயரில் வரவு வைக்கப்பட, அரை நூற்றாண்டு கவனத்துக்கு வராமலே வாழ்ந்திருக்கிறது. உருவம் சிறிதானால் செய்யும் வேலையும் சிறிதாகத்தான் இருக்கும் என்ற எண்ணம்தான் அதை மறைத்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். கேமரூன் கூன்வண்டுக்குப் பெயர் வைத்தவர் ஜெர்மானியர் ஃபாவுஸ்ட். வைத்தது 19ஆம் நூற்றாண்டில். அந்தப் பெயர் இருந்ததால் ஒரு குலைகூடக் கனக்கவில்லை. பலன் வந்தது சையத் வயலில் இறங்கிய பிறகுதானே? அருங்காட்சியகப் பெட்டியில் ஊசி குத்திப் பெயரெழுதுவது வீண்தானே? பாதி சரி. செத்த வண்டின் மூக்கு நீளத்தையும் சிறகுறையின் வரிகளையும் எழுதி வைத்தவருக்கு அது என்ன பூவில் வாழ்கிறது, எதைச் சுமக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் சையத் கேமரூன் பூங்கொத்தை உலுக்கியபோது விழுந்தது ஒரே வண்டு அல்ல. எலைடோபியஸ் என்ற பேரினத்தில் பல இனங்கள், மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுபோலவே இருப்பவை, ஒரே கொத்தில் கலந்து வாழ்ந்தன. சில ஈரப் பருவத்தில் தளர்ந்தன, சில வறண்ட பருவத்தில். இரண்டு பருவத்திலும் தாக்குப்பிடித்து, நிறைய மகரந்தம் சுமந்தது எலைடோபியஸ் கேமரூனிகஸ். அதைப் பிரித்தெடுக்க முடிந்தது, ஒவ்வொன்றும் முன்பே தனித்தனியாக விவரிக்கப்பட்டிருந்ததால்தான். பெயரில்லாமல் இருந்திருந்தால் எண்ணிக்கை எடுத்த அட்டவணையில் எல்லாமே 'சிறு வண்டு' என்ற ஒரே பத்தியில் போயிருக்கும்; நல்லதன் பலத்தைச் சோம்பேறியின் பலவீனம் மூடியிருக்கும். இன்னொன்று: மலேசியாவின் பயிர்ப் பாதுகாப்பு அதிகாரிகள் எந்த உயிருக்கு அனுமதி தருகிறோம் என்று தெரியாமல் ஒப்பம் போட முடியாது. கூன்வண்டு என்றதுமே தென்னையைக் குடைந்து கொல்லும் சிவப்புக் கூன்வண்டு நினைவுக்கு வரும் நாட்டில், பனைக் குடும்பத்துப் பயிருக்குள் ஆப்பிரிக்கக் கூன்வண்டைத் திறந்துவிடுவது சாதாரண அனுமதி அல்ல. எந்த இனம், அதன் புழு எதைத் தின்னும், எதைத் தின்னாது என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் உறுதியாக நிற்பது பெயரின் மேல்தான். ஃபாவுஸ்ட் செய்த பாதி, தன் மறுபாதிக்காக எண்பது ஆண்டுகளுக்கு மேல் காத்துக்கிடந்தது என்பதே பொருத்தமான கணக்கு.

1980இல் வண்டு மலேசியாவுக்கு வந்தது. தனிமைப்படுத்தி வளர்த்து, நாட்டின் முக்கியப் பயிர்களில் அது பிழைக்கிறதா என்று பார்த்தார்கள். செம்பனையின் ஆண் பூவைத் தவிர வேறு எதிலும் அதனால் இனம் பெருக்க முடியவில்லை. 1981 பிப்ரவரி 21 அன்று குளுவாங்கின் மாமோர் தோட்டத்தில் வண்டுகளைத் திறந்துவிட்டார்கள். அடுத்த மாதம் சபாவில். அதன் வாழ்க்கை முறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். மலர்ந்த ஆண் கொத்து சோம்பு மணம் வீசும். அந்த மணத்துக்கு வண்டுகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கி, மகரந்தத் தாள்களைக் கடித்துத் தின்று, வாடத் தொடங்கும் பூக்களில் முட்டையிடும். புழு பூவுக்குள்ளேயே வளரும்; முட்டையிலிருந்து வண்டாக இரண்டு வாரம் போதும். பெண் கொத்தும் இடையிடையே அதே சோம்பு மணத்தை மெலிதாக வெளிவிடும். ஏமாந்து வரும் வண்டுக்கு அங்கே தின்ன ஒன்றும் இல்லை. சிறிது நேரம் ஊர்ந்து பார்த்துவிட்டுப் பறந்துவிடும், உடலின் மயிரில் ஒட்டியிருந்த தூளைச் சூல்முடிகளில் விட்டுவிட்டு. வெளிர் மஞ்சள் நிறம் பார்த்துத் தொழிலாளி கண்டுபிடித்த பருவத்தை வண்டு மணம் பிடித்துக் கண்டுபிடித்தது. குப்பி எட்டாத உட்பூக்களையும் தொட்டது. ஓராண்டை ஒட்டிய காலத்தில் தீபகற்பம் முழுவதும் பரவிவிட்டது. பாதியளவில் நின்ற காய் பிடிப்பு பல தோட்டங்களில் முக்கால் பங்கை நெருங்கியது, குலை இறுகிக் கனத்தது, பருப்பின் பங்கு கூடியது. கைவழி மகரந்தச் சேர்க்கை என்ற வேலை தோட்டங்களிலிருந்து மறைந்தது.

மலேசியாவின் செம்பனை எண்ணெய் உற்பத்தி 1981இல் ஏறத்தாழ 28 லட்சம் டன், 1982இல் 35 லட்சம் டன். இதை அப்படியே வண்டின் கணக்கில் எழுதிவிடுவதும் காற்றின் கணக்கில் எழுதியதைப் போன்ற தவறாகும். அறுபதுகள் தொட்டு ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். 1961இல் கூலாய் அருகே தாயிப் அண்டாக் திட்டத்தில் நில மேம்பாட்டு வாரியமான பெல்டா தொடங்கிய செம்பனை, பல மாநிலங்களில் விரிந்து முதிர்ந்த காலம் அது. பரப்பே ஆண்டுதோறும் கூடியது. மேலும் 1983இல் உற்பத்தி 30 லட்சம் டன்னுக்கு இறங்கியது. வண்டு ஒரே ஆண்டில் ஓய்ந்துவிட்டது என்றா பொருள்? இல்லை. திடீரென்று அளவுக்கு மீறிக் காய்த்த மரம், அடுத்து களைத்துப் பெண் பூவைக் குறைத்துக்கொள்ளும். வறட்சியும் சேர்ந்தால் இன்னும் குறையும். 1984இல் உற்பத்தி 37 லட்சம் டன்னானது. ஆக, எண்ணெய் அளவை வைத்து மட்டும் வாதிட்டால் வாதம் ஆட்டம் காணும். வலுவான சான்று குலைக்குள்ளேயே இருக்கிறது: அதே மரம், அதே மண், அதே காற்று, வண்டு வந்த பிறகு வெறும் பூக்கள் குறைந்து காயாகின. சபாவில், எங்கே நிலைமை மோசமாக இருந்ததோ அங்கேயே, முன்னேற்றம் மிகப் பெரிதாக இருந்தது. காற்று எல்லா இடத்திலும் வீசியதுதான். மாறியது ஒன்றே ஒன்று.

இன்னொரு கேள்வி இதைவிட நியாயமானது. ஊதும் வேலை போனதால் கூலி போனவர்கள் என்ன ஆனார்கள்? தோட்டத்தில் ஒரு நாள் வேலை குறைந்தால் அது அந்த வீட்டு அடுப்பில் தெரியும். வண்டு மிச்சப்படுத்திய பணம் கூலி உயர்வாகத் தொழிலாளியிடம் வந்தது என்று யாரும் காட்ட முடியாது. பின்னாளில் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டதும், அயல்நாட்டுத் தொழிலாளர்கள் குறைந்த கூலிக்கு அமர்த்தப்பட்டதும், தமிழ்க் குடும்பங்கள் லயங்களை விட்டு நகரங்களின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டதும் தனி வரலாறு. அதற்குக் காரணங்கள் பல, அவற்றில் இந்த வண்டின் பங்கு மிகச் சிறியது. ஆனால் அந்த வேலை இருந்திருக்கவே வேண்டியதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். குலை வெட்டும் திறமைக்கோ பால் சீவும் திறமைக்கோ மாற்று எளிதில் கிடையாது. இந்த வேலையோ, நாற்பதுகளிலோ ஐம்பதுகளிலோ ஒருவர் கேமரூன் பூங்கொத்தை உட்கார்ந்து கவனித்திருந்தால் தோன்றியே இருக்காது. அறியாமையை மனித உழைப்பால் நிரப்புவது மலிவாக இருந்தது. மலிவாக இருந்ததால்தான் அறியாமை அவ்வளவு காலம் நீடித்தது என்று நான் கருதுகிறேன். கூலி உயர்ந்த இடத்தில் கேள்வி சீக்கிரம் எழுந்திருக்கும். சபாவில் ஆள் கிடைப்பது அரிது, காய் பிடிப்பு மோசம்; கேள்வி அங்கிருந்துதானே எழுந்தது?

வெளிநாட்டுப் பூச்சியைக் கொண்டுவந்தது அதிர்ஷ்டத்தால் தப்பிய ஆபத்து என்போரும் உண்டு. கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று 1935இல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன தேரை அந்நாட்டையே பிடித்துக்கொண்டதை அவர்கள் காட்டுவார்கள். தேரைக்கும் இந்த வண்டுக்கும் உள்ள வேறுபாடு அதிர்ஷ்டம் அல்ல. தேரை கண்டதைத் தின்னும். வண்டின் புழுவுக்குச் செம்பனை ஆண் பூ இல்லாவிட்டால் வாழ்வு இல்லை, அதைத் திறந்துவிடுவதற்கு முன்பே பார்த்துவிட்டார்கள். குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு கண்டத்தில் பல இனங்கள் பகிர்ந்து செய்த வேலையை இங்கே ஒரே இனத்தின் தலையில் ஏற்றினோம். அதுவும் சிறு எண்ணிக்கையிலிருந்து பெருகியது. பெண் பூ அதிகம் தரும் ரகங்களை நட்டுக்கொண்டே போனதால் வண்டு வளர வேண்டிய ஆண் பூ குறைந்தது. எலி வாடிய ஆண் கொத்தைக் குடைந்து புழுவைத் தின்றது. நூற்புழுக்கள் வண்டின் உடலில் கண்டறியப்பட்டன. பிற்காலத்தில் சபா, சரவாக் தோட்டங்கள் சிலவற்றில் காய் பிடிப்பு மறுபடி குறைந்ததாகச் செய்திகள் வந்தபோது, கைவழி மகரந்தச் சேர்க்கையை மீண்டும் பேசத் தொடங்கினார்கள். ஒரே ஒரு உயிரைத் தெரிந்துகொண்டு நிறுத்திவிட்டால் போதாது என்பதை இதைவிட வெளிப்படையாக எது சொல்லும்?

இதே வட்டாரத்தின் சொந்த உயிர்களுக்கு இப்போது வருவோம். 1854இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் மலாக்காவுக்கு வந்து, அங்கிருந்து ஓஃபிர் மலை என்று அன்று ஆங்கிலேயர் அழைத்த குனோங் லேடாங்கில் ஏறினார். ஜொகூரின் வடமேற்கு எல்லையில் 1,276 மீட்டர் உயரத்தில் நிற்கும் மலை அது. அவர் சேகரித்த தேனீக்களும் குளவிகளும் எறும்புகளும் லண்டனுக்குப் போயின. அங்கே பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஃபிரெடரிக் ஸ்மித், படம் செதுக்கும் தொழிலிலிருந்து பூச்சியியலுக்கு வந்தவர், சரவாக், ஓஃபிர் மலை, சிங்கப்பூர் ஆகிய மூன்று இடத்துச் சேகரிப்பையும் விவரித்து 1857இல் லின்னேயன் சங்க இதழில் வெளியிட்டார். நிறம், புள்ளி, மயிர், நீளம் என்று இனத்துக்குச் சில வரிகள். எந்தப் பூ, எங்கே கூடு என்பதற்கு அதில் வழியில்லை. பின்னர் வாலஸ் மொலுக்காஸ் தீவுகளில் பிடித்த உலகின் மிகப் பெரிய தேனீயையும் விவரித்தவர் ஸ்மித்தான். அந்தப் பெருந்தேனீ 2019இல் உயிரோடு படம் பிடிக்கப்பட்டபோது உலகப் பத்திரிகைகளில் எல்லாம் செய்தியானது. லேடாங் அடிவாரத்துச் சிறு தேனீக்களைத் தேடி யாரும் படம் பிடிக்கப் போனதாகத் தெரியவில்லை. தேனீ என்றதும் கூட்டமும் தேனடையும் மனதில் வந்துவிடுகின்றன. உலகில் பெயரிடப்பட்ட இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தேனீ இனங்களில் பெரும்பான்மை ராணியும் படையும் இல்லாமல், ஒவ்வொரு பெண்ணும் தன் கூட்டைத் தானே கட்டித் தன் குஞ்சுக்குத் தானே உணவு வைக்கும் தனித்தேனீக்கள்.

செராட்டினா என்ற பேரினத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பல இனங்களுக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் நீளம், மயிரில்லாத மினுமினுப்பான கருமை, முகத்தில் தந்த நிறத்தில் ஒரு குறி. காய்ந்து ஒடிந்த குச்சியின் மெத்தென்ற நடுப்பகுதியைக் கடித்துத் துளைத்து உள்ளே போகும். அடியில் மகரந்தத்தைத் தேனில் பிசைந்து சிறு உருண்டையாக வைத்து, அதன்மேல் ஒரு முட்டை. மேலே குச்சித் தூளால் தடுப்பு. அதன்மேல் அடுத்த அறை. பறக்கும்போது பார்த்தால் எறும்புக்குச் சிறகு முளைத்தது என்று நினைத்துக் கடந்துவிடுவோம். இப்படி ஒன்று புதிய இனம் என்று சொல்ல என்ன வேண்டும்? ஊசி குத்தினால் உடம்பே சிதைந்துவிடும் என்பதால் முக்கோண அட்டையின் நுனியில் பக்கவாட்டில் ஒட்டுவார்கள். நுண்ணோக்கியில் தாடையின் பற்கள், முகக்குறியின் வடிவம், மார்பில் குழிப்புள்ளிகள் எவ்வளவு நெருக்கம், சிறகு நரம்புகள் அடைக்கும் அறைகள், பின்காலின் விளிம்பு என ஒவ்வொன்றாக அளப்பார்கள். பல சமயம் பெண்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். ஆணும் பெண்ணும் மிகவும் வேறுபட்டிருந்தால் ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் விழுந்துவிடும். பழைய நூல்களில் இது நிறைய நடந்திருக்கிறது, இப்போது மரபணு வரிசை பார்த்து ஜோடி சேர்க்கிறார்கள். கடைசியில் ஒரே ஒரு மாதிரியை அந்தப் பெயருக்கு நிரந்தரச் சான்றாக அறிவித்து, பொதுச் சேகரிப்பில் ஒப்படைத்து, அச்சில் வெளியிட வேண்டும்.

இத்தனையும் எதற்கு, செம்பனைக்குத்தான் வண்டு இருக்கிறதே என்று கேட்கலாம். ஜொகூரில் செம்பனை மட்டும் விளையவில்லை. வீட்டுக் கொல்லைக் கத்தரியும் தக்காளியும் மகரந்தத்தை நுனித்துளை உள்ள குழலுக்குள் பூட்டி வைத்திருக்கின்றன. பூவைப் பற்றிக்கொண்டு சிறகுத் தசையை அதிரவைக்கும் தேனீயால்தான் அதை நன்றாகப் பொழிய வைக்க முடியும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு அந்த வித்தை தெரியாது; நோமியா, அமெகில்லா போன்ற தனித்தேனீக்களுக்குத் தெரியும். செம்பனைத் தோட்டத்துக்குள்ளேயும் வேலை இருக்கிறது. மட்டையைத் தின்று மொட்டையாக்கும் பைப்புழுவுக்கு எதிரான குளவிகளுக்குத் தேன் கிடைக்கட்டும் என்று தோட்டங்கள் பாதையோரத்தில் தூனேராவை வரிசையாக நடுகின்றன. காலையில் விரிந்து நண்பகலில் மூடும் அந்த வெளிர்ப் பூக்களுக்கு வேறு யார் யார் வருகிறார்கள்? லியாவ், சோதி, எல்ம்க்விஸ்ட் ஆகியோர் தெற்கு மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தேனீக்களைக் கணக்கெடுத்து 2001இல் வெளியிட்ட ஆய்வு, பெரிய மரங்கள் நிறைந்த இடத்தில் கூட்டமாக வாழும் தேனீக்கள் மிகுதி என்று காட்டியது. பாலம் தாண்டினால் சிங்கப்பூர். அந்தச் சிறு தீவில் 100க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் பதிவாகி, ஜெஸ்டின் சோ, ஜான் ஆஷர் எழுதிய கையேடும் 2020இல் வந்துவிட்டது. பரப்பில் அதைப்போல் பல மடங்கு பெரிய ஜொகூரில் இனங்கள் அதைவிடக் குறைவாக இருக்கக் காரணமே இல்லை.

சிக்கல் மாதிரிகளில் வந்து நிற்கிறது. ஆயர் ஈத்தாம் தோட்டப் பாதையில் பிடித்த ஒரு தேனீ புதிதா, 1857இலேயே பெயர் பெற்றதா என்று தீர்ப்பு சொல்ல, ஸ்மித் கையில் பிடித்துப் பார்த்த அதே தேனீயோடு ஒப்பிட வேண்டும். வாலஸ் சேகரித்தவை இன்று லண்டனிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் இருக்கின்றன. ஸ்மித்தின் சில வரிகள் இப்போது ஐந்தாறு இனங்களுக்குப் பொருந்தும். ஆகவே அந்த ஊசிகளை உருப்பெருக்கிப் படமெடுத்து இங்கே உள்ளவர்கள் பார்க்கத் தருவது முதல் வேலை. லேடாங் அடிவாரத்திலேயே மறுபடி ஆணும் பெண்ணுமாகச் சேகரிப்பது இரண்டாவது. எந்தக் குச்சியில் கூடு, எந்தப் பூவில் வேலை என்று கூடவே எழுதிவைப்பது மூன்றாவது. பூ வரிசை நடச் செலவிடும் தோட்ட நிறுவனங்கள், அந்தப் பூவுக்கு வருவது எவை என்று பதிவு செய்யும் செலவையும் தங்கள் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். பெயரிடுபவரும் பூவருகே உட்கார்ந்து பார்ப்பவரும் இம்முறை ஒரே குழுவில், ஒரே பருவத்தில் வேலை செய்ய வேண்டும்.